ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓஃப் ஆகும் கொம்பியூட்டர்: மதர்போட்டுக்குக் காசு கொடுக்க முன்

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். களுவாஞ்சிக்குடி வீட்டில் நீங்களே சாமான் வாங்கிப் பூட்டிய கொம்பியூட்டர். ரைசன் 5 3600 ப்ரொசெசர், பாவித்த ஆர்எக்ஸ் 580 வீஜிஏ காட், இரண்டு 8 ஜிபி ரெம், கேசிங்கோடு சேர்ந்து வந்த ‘500 வாட்’ பவர் சப்ளை, ஒரு பழைய 650 விஏ யூபிஎஸ். கலியாண வீடியோ ரெண்டர் போட்டாலும் கேம் விளையாடினாலும் கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஓஃப். பின்னேரங்களில் சும்மா பிரவுசர் திறந்திருந்தாலும் சில நாள் அதே கதை. ஓஃப் ஆனபின் பட்டனை அழுத்தினால் அசைவு இல்லை, சுவரில் பிளக் சுவிட்சை ஓஃப் பண்ணிச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. விண்டோஸ் புதிதாகப் போட்டும் மாறவில்லை. டவுனில் ஒரு கடையில் விட்டால் நாள் முழுக்க ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் பழையபடி. கடைசியில் ‘மதர்போட் போயிட்டு’ என்று சொல்லிவிட்டார்கள். மாற்றவா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன். எந்தச் சாமானுக்கும் காசு கொடுக்க முன், பிழை எதில் என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. மட்டக்களப்பு கல்லடியில் கனகாலமாகக் கொம்பியூட்டர் திருத்த வேலை செய்கிறேன். இந்த மாதிரி மெஷின் மேசைக்கு வராத மாதம் இல்லை. இப்போதைக்கு மதர்போட் வாங்க வேண்டாம் என்பது என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதில் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

நிச்சயமானதில் இருந்து தொடங்குவோம். ஒரு கொம்பியூட்டர் எப்படி நிற்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நீலத் திரை காட்டிவிட்டுத் தானாகத் திரும்ப ஓன் ஆனால் ரெம், டிரைவர், டிஸ்க் பக்கம் போக வேண்டும். படம் அப்படியே உறைந்து, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் வீஜிஏ அல்லது ரெம். ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், கத்தரித்த மாதிரி, ஃபேன் உட்பட எல்லாம் ஒரே நொடியில் நின்றால் அது மின்சாரம் அல்லது சூடு. உங்களுடையது மூன்றாவது வகை. விண்டோஸ் இப்படி நிற்பாட்டாது. அதற்கு ஒரு விதிவிலக்குத்தான் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

விண்டோஸ் தன் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ என்று சிவப்பாக நிற்கிறது, அதனால் விண்டோஸ் பழுது என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த 41 ஒரு காரணம் அல்ல. ஒழுங்காக மூடப்படாமல் மெஷின் நின்றுபோயிருந்தது என்பதை, அடுத்த முறை ஓன் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. பிளக்கை நீங்களே இழுத்துப் பிடுங்கினாலும் அதே 41 வரும். அதைத் திறந்து உள்ளே ‘பக்செக் கோட்’ என்ற வரியைப் பாருங்கள். அதில் பூச்சியம் இருந்தால் பெரும்பாலும் நீலத் திரை வரவே இல்லை, மின்சாரம் அதற்கு முன்பே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: சுவர் சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் திரும்ப வேலை செய்கிறது. கேசிங் பட்டனை அழுத்தும்போது நடப்பது இதுதான். மதர்போட் பெரிய 24 பின் கேபிளில் இருக்கும் பச்சை வயரைக் கறுப்போடு இணைக்கிறது. அதைப் பார்த்துப் பவர் சப்ளை ஓன் ஆகி, தன் வோல்ட் எல்லாம் சரிக்கு வந்ததும் சாம்பல் நிற வயரில் ‘நான் தயார்’ என்று ஒரு சைகை கொடுக்கிறது. ஓடும்போது அளவுக்கு மேல் கரண்ட் இழுபட்டாலோ, வோல்ட் எல்லை தாண்டினாலோ, எங்காவது ஷோர்ட் ஆனாலோ பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்ட பின் பச்சை வயர் என்ன சொன்னாலும் அது கேட்காது. சுவரில் கரண்டை நிற்பாட்டி, உள்ளே மிச்சம் இருப்பது வடியும் வரை பொறுத்தால்தான் பூட்டுத் திறக்கும். சூட்டினால் ப்ரொசெசர் நின்றிருந்தால் பெரும்பாலும் பட்டனை அழுத்திய உடனே திரும்ப ஓன் ஆகும், கொஞ்சத்தில் மறுபடி நிற்கும். அடுத்த முறை ஓஃப் ஆனதும் சுவர் சுவிட்சைத் தொடாமல் கேசிங்கின் பக்கத் தகட்டால் உள்ளே பாருங்கள். மதர்போட்டில் அல்லது மவுஸில் சின்ன லைட் எரிந்துகொண்டிருக்க, பட்டன் மட்டும் செத்திருந்தால், பவர் சப்ளை பூட்டிக்கொண்டது என்ற என் சந்தேகம் இன்னும் உறுதியாகும். அங்கேயும் இருட்டு என்றால் சுவர், யூபிஎஸ், கேபிள் என்று வெளியே தேட வேண்டும். முழுக்க முழுக்க நம்பிவிடவும் கூடாது. பிழை வந்தபின் கரண்டை எடுத்துப் போட்டால்தான் எழும்பும் மதர்போட்களும் சில உண்டு.

பவர் சப்ளை பூட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் இரண்டு வழி உண்டு. ஒன்று, பவர் சப்ளை பலம் குறைந்தது. மற்றது, அது நல்லது, அதோடு பூட்டியிருக்கும் ஏதோ ஒரு சாமான் அளவுக்கு மேல் இழுக்கிறது. எது என்று இங்கிருந்து என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் உங்கள் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாள் ஓரளவு சொல்லும். பெரிய எழுத்தில் இருக்கும் 500-ஐ விட்டுவிடுங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்குங்கள். ஒழுங்கான 500 வாட் பவர் சப்ளையில் அது 38, 40 அம்பியர் அளவில் இருக்கும், அதாவது 450 வாட்டுக்கு மேல். கேசிங்கோடு இலவசமாக வருபவற்றில் 16, 18 அம்பியர் என்று போட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது 200 வாட் சொச்சம்தான். உங்கள் பக்கத் தேவையைப் பாருங்கள்: 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும், ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட், போட், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40, 50. மொத்தம் 300-ஐத் தாண்டுகிறது, அதில் பெரும்பங்கு 12 வோல்ட் வரியில். வீஜிஏ காட் ஒரே சீராக இழுப்பதும் இல்லை. மில்லி செக்கன் கணக்கில் திடீர் திடீரென்று எகிறும். தாளில் இருப்பது 20 அம்பியருக்குக் கீழே என்றால் மிச்சத்தை வாசிக்க முன்பே பவர் சப்ளை தேடத் தொடங்கலாம்.

இதைக் காசு செலவழிக்காமல் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் போட்டு ப்ரொசெசரை மட்டும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு அதை நிற்பாட்டி, ஃபர்மார்க் என்பதைப் போட்டு வீஜிஏயை மட்டும் ஒரு பத்து நிமிடம் ஓட்டுங்கள், பாவித்த காட் என்றபடியால் அதற்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டையும் சேர்த்து. தனித்தனியே தாக்குப்பிடித்து, சேர்த்ததும் விழுந்தால் பவர் சப்ளைக்குத் தாங்க முடியவில்லை என்றே அர்த்தம். ப்ரொசெசர் தனியே ஓடும்போதே விழுந்தால் கூலரையும், மதர்போட்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் ப்ரொசெசர் கேபிளையும் பார்க்க வேண்டும். வீஜிஏ தனியே விழுந்தால் காட் அல்லது அதற்குப் போகும் 8 பின் கேபிள். அந்த 8 பின்னை மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் வாயில் இருந்து மாற்றும் அடப்டரால் கொடுத்திருந்தால் பிளாஸ்டிக் மஞ்சளித்தோ உருகியோ இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். எதிர்ப்பக்கமாகவும் ஒரு சோதனை செய்யலாம். விண்டோஸ் பவர் ஒப்ஷனில் ப்ரொசெசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் அது 3.6 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் ஏறாது. ரேடியோன் மென்பொருளில் பவர் லிமிட்டை 20 சதவீதம் குறையுங்கள். இவை இரண்டையும் செய்ததும் ஓஃப் ஆவது நின்றால் பிழை விண்டோஸில் இல்லை என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும். புதுப் பவர் சப்ளை வாங்கும் வரை ஓடர் வேலைகளை அப்படியே ஓட்டவும் செய்யலாம்.

இப்போது கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அங்கே அது உண்மையாகவே ஓடியிருக்கும். ஏசி போட்ட அறை, டவுன் நடுவில் உறுதியான கரண்ட், சும்மா ஒரு படத்தைப் போட்டு ஓடவிட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டிவி. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்து வீடு என்றால் வோல்ட் இறங்கும். இங்கே இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம், அதாவது கிட்டத்தட்ட 216 முதல் 244 வரை. கிணற்று மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது அது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும், அந்தக் கணத்தில் வீட்டு லைட்டெல்லாம் மங்கி எழும்பும். நல்ல பவர் சப்ளை இப்படியான பள்ளத்தைத் கரண்டைச் சேமித்து வைக்கும் தன் பெரிய கபாசிட்டரில் இருக்கும் மிச்சத்தால் தாண்டிவிடும். 16 மில்லி செக்கன் அளவுக்காவது தாங்க வேண்டும் என்பது அந்தத் துறையில் வழக்கமான கணக்கு. மலிவானதில் அந்தக் கபாசிட்டர் சின்னது. வோல்ட் முன்பே இறங்கியிருந்தால் அதில் நிற்கும் மிச்சமும் குறைவு. பின்னேரத்தில் பிரவுசர் மட்டும் திறந்திருக்கையில் ஓஃப் ஆவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றே சொல்கிறேன், அளந்து பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. யூபிஎஸ்ஸில் உள்வரும் வோல்ட் காட்டும் டிஸ்ப்ளே இருந்தால் ஒரு கிழமை பின்னேரங்களில் குறித்து வையுங்கள். ஓஃப் ஆன நேரத்தில் மோட்டரோ ஃப்ரிட்ஜோ ஸ்டார்ட் ஆனதா என்று வீட்டில் அம்மாவையும் கேளுங்கள்.

மொனிட்டர் நிற்கவில்லை, ‘நோ சிக்னல்’ காட்டியது, ஆகவே கரண்ட் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீண்ட நேரம் போகவில்லை என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். மொனிட்டர் 20, 30 வாட் எடுக்கும் சாமான், சின்னப் பள்ளத்தை அது கவனிக்காமலே தாண்டிவிடும். அதே பள்ளத்தில் பாரம் சுமக்கும் பவர் சப்ளை விழுந்துவிடலாம்.

யூபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர் அவர் பற்றரி. எங்கள் சூட்டில் இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடுகிறது. செத்த பற்றரியோடு இருக்கும் யூபிஎஸ், வோல்ட் இறங்கியதும் பற்றரிக்கு மாறப்போய், அங்கே ஒன்றும் இல்லாமல், மொத்தமாக விழும். 650 விஏ என்பதும் 650 வாட் அல்ல. இந்த அளவில் வருபவை பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும், ரெண்டர் நேரத்தில் உங்கள் மெஷினும் மொனிட்டரும் அதற்கு மிகக் கிட்ட நிற்கின்றன. இன்னொன்றும் உண்டு. நாளைக்கு நல்ல பவர் சப்ளை வாங்கினால் அது ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ வகையாக, அதாவது சுவரில் இருந்து கரண்டைச் சீராக இழுக்கும் வகையாக இருக்கும். மலிவு யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது கொடுக்கும், சுவர்க் கரண்ட் போல வழுவழுப்பாக இல்லாத, படிப்படியான அலையை அந்த வகையில் சில ஏற்றுக்கொள்ளாமல், கரண்ட் மாறும் நேரத்தில் ஓஃப் ஆகும். ஆகவே சோதனை நடக்கும் நாட்களில் யூபிஎஸ்ஸையும் மல்டிபிளக்கையும் நடுவில் வைக்காமல் நேரே சுவரில் குத்தி ஓட்டுங்கள். அப்படி ஓட்டும்போது பின்னேர ஓஃப் நின்றுவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது யூபிஎஸ் பற்றரி.

சூட்டை நான் தள்ளி வைத்ததற்குக் காரணம் அந்தச் சுவர் சுவிட்ச் விசயம்தான். பார்க்காமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீட் போட்ட அறைக்குள் மத்தியானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அறை பத்து டிகிரி கூடினால் உள்ளே சாமானும் ஏறக்குறைய அதே பத்தைக் கூட்டிக் காட்டும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அளவுகளை ஃபைலில் எழுதும்படி விடுங்கள். மெஷின் விழுந்தபின் அந்த ஃபைலின் கடைசி வரியைத் திறந்து பார்த்தால் விழும் நேரத்தில் சூடு எவ்வளவு என்று தெரியும். 3600-க்கு எல்லை 95 டிகிரி. அதை நெருங்கும்போது அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே ஓஃப் ஆகாது. எங்கள் ஊரில் ரெண்டர் நேரத்தில் 80, 85 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. கடைசி வரியில் 70 இருக்கையில் விழுந்திருந்தால் ப்ரொசெசர் சூட்டை மறந்துவிடுங்கள். 95-ஐத் தொட்டிருந்தால் கூலரைக் கழற்ற வேண்டும்.

கழற்றும்போது மிகக் கவனம். உங்கள் ப்ரொசெசரின் பின்கள் அதன் அடியிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்து, கூலரை நேரே மேலே இழுத்தால் ப்ரொசெசரும் சொக்கட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். முதலில் மெஷினை ஒரு ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஓஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றி, நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இடம் வலமாக மெல்லத் திருகித் திருகி விடுவியுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் அற்ககோலால் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுசு வைத்து, திரும்பவும் மூலைக்கு மூலையாகவே இறுக்குங்கள். வீட்டில் பூட்டிய மெஷின்களில் கூலர் அடியில் பாதுகாப்புக்கு ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளே உரிக்கப்படாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன், அதையும் பாருங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன், உங்கள் அறிகுறிக்கு அவை அவ்வளவு பொருந்தவில்லை. கேசிங் பட்டன் உள்ளே இறுகி நின்றால் சில செக்கனில் மெஷின் ஓஃப் ஆகும். அந்தச் சின்ன வயரைப் போட்டில் இருந்து கழற்றிவிட்டு, இரண்டு பின்னையும் ஸ்க்ரூட்ரைவரால் ஒரு கணம் தொட்டு ஓன் பண்ணி ஓட்டிப் பார்க்கலாம். முன்பக்க யூஎஸ்பி துவாரத்தில் பின் வளைந்து ஷோர்ட் ஆனால் சில போட்கள் திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டு 15 செக்கனில் நிற்கும். மதர்போட்டுக்கு அடியில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி மிஞ்சி நின்றாலும் ஷோர்ட் ஆகும், நீங்களே பூட்டியது என்பதால் இதை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடு என்றால் ரெம்மின் பொன் நிறப் பற்களில் உப்புக் காற்று படிந்திருக்கும், கழற்றி வெள்ளை அழிறப்பரால் தேய்த்துப் போடுங்கள். முன்னே சொன்ன விண்டோஸ் விதிவிலக்கு: யாராவது எண்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பைப் போட்டுத் தந்து, அதன் காலம் முடிந்திருந்தால், மெஷின் மணிக்கொருமுறை தானே ஓஃப் ஆகும். உங்களுடையது நேரம் பார்த்து நிற்கவில்லை என்றபடியால் அது இல்லை.

கேசிங்கைத் தொட்டால் கை சுருசுருவென்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஓஃப் ஆவதற்கு அது காரணம் என்று நான் நினைக்கவில்லை. அது எர்த் இல்லாததன் அடையாளம். பவர் சப்ளையின் வாயிலில் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர்கள் சிறு கரண்டை எர்த் வயருக்கு விடும். எர்த் இல்லாத பொயின்ட்டில், அல்லது இரண்டு பின் அடப்டரில் குத்தினால், அது தகட்டிலேயே நிற்கும். சிறு கரண்ட்தான். ஆனால் உள்ளே உண்மையான லீக் ஒன்று வந்தால் அதைக் கொண்டுபோக வழியே இல்லை என்பதையும் அது சொல்கிறது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அந்தப் பொயின்ட்டுக்கு எர்த் போடுவியுங்கள், இதைப் பிற்போட வேண்டாம். பவர் சப்ளையையும் திறக்க வேண்டாம், தூசு தட்டக்கூடத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். வெளியில் இருந்து புளோவரால் ஊதுங்கள், அந்த நேரம் ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு மோலெக்ஸ் வாயில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே, இரண்டு சோதனையும் சேர்ந்து ஓடும்போது அளவுங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளை முடிந்தது. 12-லேயே நின்றாலும் அது நல்லது என்று தீர்ப்பாகாது. மில்லி செக்கன் பள்ளத்தைச் சாதாரண மீட்டர் காட்டாது.

ஆகவே ஒழுங்கு இப்படி: தாளைப் படியுங்கள், நேரே சுவரில் ஓட்டுங்கள், தனித்தனியாகவும் சேர்த்தும் பாரம் கொடுங்கள், கடைசி வரியில் சூட்டைப் பாருங்கள். இவ்வளவுக்கும் செலவு இல்லை. பிறகு யாரிடமாவது நல்ல கம்பனி 550 வாட் பவர் சப்ளை ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கி, உங்கள் வீட்டில், பின்னேரத்தில், ரெண்டர் போட்டு ஓட்டுங்கள். கடையில் வைத்துச் சோதிப்பதில் பிரயோசனம் இல்லை. அதில் ஓடினால் விசயம் முடிந்தது, அதே தரத்தில் ஒன்று வாங்குங்கள். அந்தப் பவர் சப்ளையும் தன்னைப் பூட்டிக்கொண்டால் அடுத்த சந்தேகம் வீஜிஏ காட். 3600-க்குள் படம் காட்டும் வசதி இல்லாதபடியால் காட்டைக் கழற்றிவிட்டு ஓட்ட முடியாது. ஜிடி 710 மாதிரிச் சின்னக் காட் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு, ப்ரொசெசருக்கு மட்டும் பாரம் கொடுங்கள். நல்ல பவர் சப்ளை, சின்னக் காட், ஒற்றை ரெம், 80-க்குக் கீழே சூடு, நேர் சுவர்க் கரண்ட். இத்தனையோடும் அது பட்டென்று நின்றால் அப்போதுதான் மதர்போட்டைச் சொல்லலாம், அப்போது நானும் மாற்றுங்கள் என்றே சொல்வேன். பவர் சப்ளைத் தாளின் படத்தையும் அந்த ஃபைலின் கடைசிச் சில வரிகளையும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.